ஆர்ஹூஸில் மூன்று இரவு: முதல்முறை வருகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கோபன்ஹேகனில் நாலு நாள் இருக்கிறோம், நடுவில் ஒரு பகல் ஆர்ஹூஸுக்கு வந்துபோகலாமா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: ஒரு பகலுக்காக வராதீர்கள், மூன்று இரவு தங்குகிற மாதிரி வாருங்கள். காலையில் ஒரு அருங்காட்சியகம், மதியம் சந்தைச் சாப்பாடு, சாயங்காலம் காடு அல்லது கடல் என்று ஒரே நாளில் மூன்றையும் சைக்கிளில் தொட்டுவிடக்கூடிய ஊர் இது. அந்தச் சாயங்காலத்தை ரயிலைப் பிடிக்கும் அவசரத்தில் விட்டுவிட்டால், ஊரில் பாதியைப் பார்க்காமல் போன மாதிரிதான்.

டென்மார்க்கின் இரண்டாவது பெரிய நகரம். யூலாந்து தீபகற்பத்தின் கிழக்குக் கரையில் இருக்கிறது. நகரத்தில் சுமார் மூன்று லட்சம் பேர். அதில் மாணவர்கள் மட்டுமே ஐம்பதாயிரத்துக்கு மேல். வைக்கிங் காலத்தில் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் உருவான குடியிருப்பு என்பதால் 'அரோஸ்', அதாவது முகத்துவாரம், என்று பெயர் வந்தது. இப்போது உள்ளூர்க்காரர்கள் சொல்லும்போது 'ஓஹூஸ்' என்று காதில் விழும். பலகைகளில் பெயர் இரண்டு விதமாக எழுதியிருந்தால் குழம்ப வேண்டாம். 1948-ல் வந்த எழுத்துச் சீர்திருத்தத்தில் முதல் எழுத்தை வளையம் வைத்த ஒற்றை எழுத்தாக மாற்றினார்கள். 2011-ல் நகராட்சி மறுபடியும் பழைய இரட்டை எழுத்துக்கே திரும்பிவிட்டது. இரண்டும் ஒரே ஊர்தான்.

எப்போது வருவது

முதல்முறை என்றால் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. ஜூன் கடைசியில் விடிகாலை நாலரைக்கே சூரியன் வந்துவிடும், இரவு பத்தேகால் தாண்டித்தான் மறையும். சாப்பிட்டு முடித்து எட்டு மணிக்குக் கடற்கரைக்குக் கிளம்பினாலும் இரண்டு மணி நேர வெளிச்சம் கையில் இருக்கும். டிசம்பரில் நேர் எதிர்: காலை ஒன்பது நெருங்கும்போது விடிந்து, மூன்றே முக்காலுக்குள் இருட்டிவிடும். ஆனால் குளிர்காலத்திலும் வரக் காரணம் உண்டு, அதைப் பழைய ஊர் பற்றிச் சொல்லும்போது சொல்கிறேன்.

ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி பத்து நாள் போல நகரத் திருவிழா நடக்கும். 1965-லிருந்து நடந்துவருகிறது. தெருக்களிலும் சதுக்கங்களிலும் இசை, நாடகம், கண்காட்சி என்று ஊரே வெளியில் இருக்கும். அந்த வாரத்தில் வர விரும்பினால் தங்குமிடத்தைச் சில மாதங்களுக்கு முன்பே பிடித்துவிடுங்கள்.

கோடையிலும் காற்று இருக்கும். வெயிலை நம்பி மெல்லிய சட்டையோடு கிளம்பி, துறைமுகத்தில் நடுங்கி நிற்பவர்களை வருஷா வருஷம் பார்க்கிறேன். காற்றையும் தூறலையும் தாங்கும் மேல்சட்டை ஒன்று பையில் எப்போதும் இருக்கட்டும்.

விசாவும் வந்து சேரும் வழியும்

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், குறைந்தது பதினைந்து நாள் முன்பாவது கொடுத்துவிட வேண்டும். ஆனால் பதினைந்து நாளை நம்பி இருக்காதீர்கள். கோடையில் நேர்காணலுக்கு நாள் கிடைப்பதே சிரமம். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம்.

கோபன்ஹேகனிலிருந்து ரயிலில் சுமார் மூன்று மணி நேரம். வழியில் கிரேட் பெல்ட் நீரிணையை ரயில் கடக்கும். அந்தச் சில நிமிடங்கள் மட்டும் போனைக் கீழே வைத்துவிட்டு வெளியே பாருங்கள். டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்தால் 'ஆரஞ்சு' என்ற பெயரில் குறைந்த விலை டிக்கெட் கிடைக்கும். அது குறிப்பிட்ட ரயிலுக்கு மட்டும்தான் செல்லும். இருக்கைக்குத் தனியாகச் சின்னக் கட்டணம் உண்டு. வெள்ளி மாலையும் ஞாயிறு மாலையும் அதைக் கட்டிவிடுவது நல்லது, இல்லையென்றால் நின்றுகொண்டுதான் வர வேண்டியிருக்கும்.

இன்னொரு வழி எனக்கு மிகவும் பிடித்தது: கோபன்ஹேகனில் பேருந்தில் ஏறினால், அதுவே ஸீலாந்து தீவின் ஓரத்தில் கப்பலுக்குள் போய்விடும். ஒன்றேகால் மணி நேரக் கடல் பயணம். மேல்தளத்துக்குப் போனால் ஆர்ஹூஸ் விரிகுடா மெல்ல விரிந்து ஊர் தெரிய ஆரம்பிக்கும். மொத்த நேரம் கிட்டத்தட்ட ரயிலுக்குச் சமம். நேரே யூலாந்துக்கு விமானத்தில் வருகிறவர்கள் பெரும்பாலும் பில்லுண்டில் இறங்குவார்கள். அங்கிருந்து பேருந்தில் ஒன்றரை மணி நேரம் போல ஆகும்.

தங்குவதற்கு ரயில் நிலையத்துக்கும் நகர மையத்துப் பேராலயத்துக்கும் நடுவில் எங்கே கிடைத்தாலும் சரி, எல்லாமே நடக்கிற தூரம்தான். செலவைக் குறைக்க நினைப்பவர்கள் வடக்கே ரிஸ்கோவ் காட்டுக்குள் இருக்கும் இளைஞர் விடுதியைப் பாருங்கள். கூடாரம் போடப் பிரியம் உள்ளவர்களுக்குத் தெற்கே கடலோரக் காட்டில் ப்ளமஹாவன் முகாம் இருக்கிறது.

ஊருக்குள் எப்படிச் சுற்றுவது

முதலில் போனில் 'ரைசப்ளானன்' செயலியைப் போட்டுக்கொள்ளுங்கள். பேருந்து, ரயில், 2017-ல் ஓட ஆரம்பித்த இலகு ரயில் எல்லாவற்றுக்கும் வழியும் நேரமும் பார்க்க அது ஒன்றே போதும். டிக்கெட்டை ஏறும் முன்பே எடுத்துவிட வேண்டும். இங்கே நுழைவாயிலில் தடுப்பு கிடையாது, உங்களை நம்பித்தான் விடுகிறார்கள். ஆனால் பரிசோதகர் வந்தால் அபராதம் கனமாக இருக்கும். கீழே நான் சொல்லும் மூன்று பெரிய அருங்காட்சியகங்களையும் பார்க்கப் போகிறீர்கள் என்றால் 'ஆர்ஹூஸ்கார்ட்' என்ற பயணிகள் அட்டையை 48 அல்லது 72 மணி நேரத்துக்கு வாங்குங்கள். நுழைவும் பேருந்தும் அதிலேயே அடங்கிவிடும். தனித்தனியாகக் கட்டினால் ஆகும் செலவைக் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

சைக்கிள்தான் இந்த ஊருக்கு ஏற்ற வாகனம். செயலி மூலம் எடுக்கும் ஆரஞ்சு நிற டாங்கி ரிபப்ளிக் சைக்கிள்கள் ஊர் முழுக்க நிற்கின்றன. ஓட்டும் முன் சில பழக்கங்களைத் தெரிந்துகொள்ளுங்கள். வலப்பக்கம் ஒட்டியே போக வேண்டும். முந்துகிறவர் உங்கள் இடப்பக்கமாக வருவார். நிற்கப் போகிறீர்கள் என்றால் ஒரு கையைத் தோள் உயரத்துக்குத் தூக்கிக் காட்ட வேண்டும். திரும்பப் போகும் பக்கம் கையை நீட்ட வேண்டும்.

இடப்பக்கம் திரும்புவதில்தான் நம்மவர்கள் தடுமாறுவார்கள். கார்களோடு சேர்ந்து நடுவில் போய்த் திரும்பக் கூடாது. நேராகச் சந்திப்பைக் கடந்து, எதிர் மூலையில் நின்று, அங்கே வழி கிடைத்ததும் அப்புறம் இடப்பக்கம் போக வேண்டும். பேருந்திலிருந்து ஆட்கள் நேரே சைக்கிள் பாதையில் இறங்கினால், அவர்கள் கடக்கும்வரை நின்றே ஆக வேண்டும். இருட்டினால் முன்னும் பின்னும் விளக்கு கட்டாயம். நடந்து போகிறவர்களுக்கும் ஒன்று: சைக்கிள் பாதையில் நின்று படம் எடுக்காதீர்கள். அது நடைபாதை மாதிரியே தோன்றும், ஆனால் சாலைதான்.

டென்மார்க் என்றாலே தட்டை என்று நினைத்து வருவார்கள். கடலோரத்திலிருந்து பல்கலைக்கழகப் பக்கம் ஏறும்போது முழங்கால் பேசும்.

முதல் நாள்: ஆற்றோரமும் வானவில்லும்

காலையில் ஆற்றோரம் ஆரம்பியுங்கள். இந்த ஆற்றை 1930-களில் கான்கிரீட் போட்டு மூடி மேலே சாலை அமைத்திருந்தார்கள். 1990-களில் தொடங்கி அதை உடைத்து மறுபடி திறந்தார்கள். இன்று இரு கரையிலும் காபிக்கடைகள் இருக்கும் இந்த இடத்தில் ஒரு காலத்தில் கார்கள் ஓடின என்று நம்புவது கஷ்டம். ஆற்றை மூடுகிற ஊர்கள் உலகில் நிறைய உண்டு, திறந்த ஊர்கள் குறைவு. இதற்காகவே இந்த ஊர்மேல் எனக்குத் தனி மரியாதை.

பக்கத்திலேயே பேராலயம். 93 மீட்டர் நீளம், டென்மார்க்கிலேயே நீளமான தேவாலயம். மதச் சீர்திருத்தத்துக்குப் பிறகு சுண்ணாம்பு பூசி மறைத்த சுவரோவியங்களைப் பின்னாளில் சுரண்டி எடுத்திருக்கிறார்கள். 1479-ஆம் ஆண்டின் பலிபீடச் சிற்பம் முன்னால் சற்று உட்காருங்கள். அண்ணாந்து பார்த்தால் கூரையிலிருந்து ஒரு கப்பல் பொம்மை தொங்கும். கடலோடிகளின் நாட்டில் தேவாலயத்துக்குள் கப்பல் தொங்குவது வழக்கம். வெளியே வந்து வடக்கே லத்தீன் வட்டாரத்தின் கல் பாவிய தெருக்களில் வழி தெரியாமலே சுற்றலாம். சாலை கடக்கும்போது சிக்னலைக் கவனியுங்கள்: நகர மையத்தில் பல இடங்களில் கோடாலி ஏந்திய வைக்கிங் உருவம்தான் சிவப்பும் பச்சையுமாக மின்னும். கொஞ்சம் மேற்கே மெல்லஸ்டீன் என்ற குட்டித் தெரு. ஜூலையில் சின்னச் சின்ன வீடுகளின் சுவரோரம் ரோஜாவும் ஆளுயரச் செம்பருத்தி இனப் பூக்களும் நிற்கும். அங்கே மக்கள் குடியிருக்கிறார்கள், சன்னலுக்குள் எட்டிப் பார்க்க வேண்டாம்.

மதியத்துக்குமேல் துறைமுகத்தில் 'டொக்1' நூலகத்துக்குப் போங்கள். 2015-ல் திறந்தது, அடுத்த ஆண்டே உலகின் சிறந்த பொது நூலகம் என்ற விருதை வாங்கியது. உள்ளே போக அனுமதி கேட்க வேண்டியதில்லை. இலவசக் கழிப்பறை, வைஃபை, குழந்தைகள் புரண்டு விளையாட இடம், கடலைப் பார்த்த இருக்கைகள், எல்லாம் உண்டு. கட்டடத்தின் நடுவில் படிகள் ஏறும் இடத்தில் ஏழரை மீட்டர் நீளத்துக்கு ஒரு வெண்கலக் குழாய் தொங்குகிறது. மூன்று டன் எடை. பல்கலைக்கழக மருத்துவமனையில் குழந்தை பிறந்ததும் பெற்றோர் அங்கே ஒரு பொத்தானை அழுத்தினால், இங்கே இது ஒலிக்கும். நான் முதல்முறை கேட்டபோது படியில் உட்கார்ந்து பேருந்து நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கோயில் மணியின் கணீர் இல்லை. அடிவயிற்றில் உணர்கிற மாதிரி தாழ்ந்த, நீளமான ஓசை. பக்கத்தில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி தலையை நிமிர்த்தி, யாரையும் பார்க்காமல் சிரித்துவிட்டு, மறுபடி படிக்க ஆரம்பித்தார். இங்கே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பது நேர விரயம் இல்லை.

வெயில் சாயும் நேரத்துக்கு 'அரோஸ்' கலை அருங்காட்சியகம். இந்தக் கட்டடம் 2004-ல் திறந்தது. வார நாட்களில் மாலையிலும் திறந்திருக்கும், அதனால்தான் இதைக் கடைசியில் வைக்கச் சொல்கிறேன். இத்தாலியக் கவிஞர் தாந்தேயின் காவியத்தைப் போல, அடித்தளத்தில் இருண்ட ஒன்பது அறைகள் நரகம், கூரைமேல் சொர்க்கம் என்று கட்டடத்தையே அமைத்திருக்கிறார்கள். அந்தச் சொர்க்கம்தான் ஓலாஃபுர் எலியாசன் செய்து 2011-ல் திறந்த வானவில் வளையம்: 150 மீட்டர் சுற்றளவுள்ள வண்ணக் கண்ணாடி நடைபாதை. அவசரமாக ஒரு சுற்று நடந்துவிட்டு இறங்கிவிடாதீர்கள். சிவப்பில் இரண்டு நிமிஷம் அசையாமல் நில்லுங்கள். கண் பழகியதும் ஊர் முழுக்கச் சிவப்பு வெளிறிப்போகும். அப்புறம் நாலு அடி வைத்து மஞ்சளுக்குள் போனால் அதே கூரைகள் புதிதாகத் தெரியும். கீழே இறங்கும்போது ரான் ம்யூக் செய்த 'பையன்' சிலையைப் பாருங்கள். குந்தி உட்கார்ந்திருக்கிறான், அப்படியே நாலரை மீட்டர் உயரம். முகத்தைப் பார்த்தபின் கால்விரல் பக்கம் குனியுங்கள். தோலின் சுருக்கம், நகத்தின் ஓரம் வரைக்கும் செய்திருக்கிறார்.

இரண்டாம் நாள்: பழைய ஊர்

டென் கம்ல பூ, அதாவது 'பழைய ஊர்', ஒரு திறந்தவெளி அருங்காட்சியகம். டென்மார்க்கின் பல ஊர்களில் இடிக்கப்போன வீடுகளைக் கல் கல்லாகப் பிரித்து இங்கே கொண்டுவந்து மறுபடி கட்டியிருக்கிறார்கள். 1597-ல் கட்டிய ஒரு மேயர் வீட்டை இடிக்கவிடாமல் பீட்டர் ஹோல்ம் என்ற ஆசிரியர் காப்பாற்றியதில் தொடங்கிய வேலை இது. 1914-ல் அருங்காட்சியகமாகத் திறந்தது. நுழைந்ததும் வரும் மரச்சட்டக வீடுகள், பட்டறைகள், பழைய செய்முறையில் பிஸ்கட் சுடும் அடுமனை எல்லாம் அழகுதான், ஆனால் அங்கேயே நேரத்தைச் செலவழித்துவிடாதீர்கள். 1974-ல் ஒரு ஊர் எப்படி இருந்ததோ அப்படியே காப்பாற்றி வைத்திருக்கும் பகுதிதான் இதன் உயிர். ஒரு குடியிருப்பின் படிக்கட்டில் ஏறி வீடு வீடாகப் போகலாம். வானொலிக் கடை, தட்டச்சுப் பொறி, சுவர்த்தாள், சமையலறை டப்பாக்கள். துருக்கியிலிருந்து தொழிலாளர்களாக வந்தவர்களின் வீடும் அதில் ஒன்று. வெளிநாட்டில் நாலைந்து பேர் சேர்ந்து அறை எடுத்துத் தங்கியவர்கள் யாராக இருந்தாலும் அந்த வாசலில் சற்று நின்றுதான் போவார்கள்.

நவம்பர் நடுவிலிருந்து டிசம்பர் கடைசி வரை இங்கே கிறிஸ்துமஸ் காலம். ஒவ்வொரு வீட்டிலும் அந்தந்தக் காலத்து வழக்கப்படி அலங்காரமும் விருந்தும் வைத்திருப்பார்கள். குளிர்காலத்தில் வரக் காரணம் உண்டு என்றேனே, அது இதுதான்.

வெளியே வந்தால் அதே மேட்டில் தாவரவியல் பூங்கா. அதன் கண்ணாடி வீடுகளுக்குக் கட்டணம் இல்லை. வெப்பமண்டலக் குவிமாடத்துக்குள் கதவைத் திறந்ததும் மூக்குக்கண்ணாடி பனிபோல மூடிக்கொள்ளும். ஈரமண் வாசமும் வாழை இலையும் எதிரே வரும். பிப்ரவரியில் ஊர் ஏக்கம் வந்தால் நான் போகிற இடம்.

சாயங்காலம் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஆர்ஹூஸ் ஊ என்ற புதிய துறைமுகக் குடியிருப்புக்குப் போங்கள். வெள்ளை முக்கோணங்களாக நிற்கும் 'பனிப்பாறை' கட்டடம் அங்கேதான். அதைத் தாண்டினால் 2018-ல் திறந்த துறைமுகக் குளியல்: கடல்மேல் மிதக்கும் மரத்தளத்தில் ஐம்பது மீட்டர் நீச்சல்குளம், குதிக்க வட்டக்குளம், குழந்தைகளுக்குத் தனிக்குளம். இலவசம். கோடையில் உயிர்காப்பாளர்கள் இருப்பார்கள். நீச்சல் தெரியாதவர்கள் படியில் உட்கார்ந்து காலை நனைத்தாலே போதும், அப்படி உட்கார்ந்திருப்பவர்கள்தான் அதிகம்.

மூன்றாம் நாள்: மோஸ்கோர், காடு, கடல்

இந்த நாளுக்காகத்தான் மூன்றாவது இரவைக் கேட்கிறேன். வெயில் எந்த நாளில் வருகிறதோ அந்த நாளை இதற்கு ஒதுக்கிவிட்டு, மற்றதை மாற்றிக்கொள்ளுங்கள்.

ஊரிலிருந்து தெற்கே சுமார் பத்து கிலோமீட்டரில் மோஸ்கோர் அருங்காட்சியகம். 18-ஆம் எண் பேருந்து போகிறது, புறப்படும் முன் செயலியில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். கோடை அல்லாத மாதங்களில் திங்கட்கிழமை விடுமுறை. இங்கே பல அருங்காட்சியகங்களுக்கும் அதே வழக்கம்தான். 2014-ல் திறந்த கட்டடம், நிலத்திலிருந்து அப்படியே சரிந்து எழும் புல்வெளிக் கூரை. அதன்மேல் ஏறி உச்சியில் உட்காரலாம், கடல் தெரியும். பனி விழுந்தால் குழந்தைகள் சறுக்குவதும் அதே கூரையில்தான்.

உள்ளே படிக்கட்டில் இறங்கும்போதே ஆதிமனித இனங்களின் உருவங்கள் உயிரோடு நிற்கிற மாதிரி வழிமறிக்கும். ஆனால் நீங்கள் வந்தது க்ரௌபல மனிதரைப் பார்க்க. 1952 ஏப்ரலில் சதுப்பில் அடுப்பெரிக்கக் கரிமண் வெட்டிக்கொண்டிருந்தவர்களின் மண்வெட்டியில் தட்டுப்பட்டவர். கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்தவர். கழுத்தை அறுத்துச் சதுப்பில் போட்டிருக்கிறார்கள், பலியாக இருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். காற்றுப் புகாத அந்த அமிலச் சேற்றில் தோல் பதனிட்டதுபோல ஆகி, முடி செம்பட்டையாக மாறி, ஆள் அப்படியே இருக்கிறார். மங்கிய வெளிச்சத்தில் கண்ணாடிக்கு மறுபுறம் அவருடைய கையைப் பாருங்கள். விரல்கள் லேசாக மடங்கியிருக்கும். கைரேகை எடுக்கிற அளவுக்கு அந்த விரல்நுனிகள் மிஞ்சியிருந்தன. இரண்டாயிரத்து இருநூறு வருஷம் பழைய கை. நான் ஒவ்வொரு முறையும் அங்கே பேச்சை நிறுத்திவிடுகிறேன். குழந்தைகளை அழைத்துப் போனால் முன்பே சொல்லிவிட்டுக் கூட்டிப்போங்கள்.

அருங்காட்சியகத்துக்குப் பின்னாலிருந்து தொல்காலப் பாதை கிளம்புகிறது. வயல், பெருங்கற்காலக் கல்லறை, மறுபடி கட்டிய பழங்கால வீடுகள், பீச் மரக் காடு, ஓடை, அதன் கரையில் பழைய நீர்ச்சக்கர ஆலை என்று போய்க் கடற்கரையில் முடியும். போய்வர நாலு கிலோமீட்டர் போல. மே மாதத் தொடக்கத்தில் பீச் மரங்கள் துளிர்விடும் வாரத்தில் இலை ஒவ்வொன்றும் வெளிச்சத்தைக் கசியவிடும். நடக்கிறவர்களின் முகம்கூடப் பச்சையாகத் தெரியும். ஜூலைக் கடைசி வார இறுதியில் வந்தால், இதே மோஸ்கோர் கடற்கரையில் வைக்கிங் சந்திப்பு நடக்கும். 1977-லிருந்து நடக்கிறது: கூடாரம், கொல்லுப்பட்டறை, குதிரை, கடற்கரையில் போர்.

கடற்கரையிலிருந்து வந்த வழியே திரும்பிப் பேருந்து பிடிக்கலாம். கால் தாங்கும் என்றால் கரையை ஒட்டிக் காட்டுப் பாதையில் வடக்கே ஊரை நோக்கி நடந்துவிடுங்கள். சுமார் ஐந்து கிலோமீட்டரில் முடிவிலாப் பாலம் வரும்: அறுபது மீட்டர் விட்டமுள்ள வட்ட மரப்பாலம், பாதி மணல்மேல், பாதி கடல்மேல். எங்கிருந்து நடக்கத் தொடங்கினாலும் அங்கேயே வந்து நிற்பீர்கள். 2015-ல் கடலோரச் சிற்பக் கண்காட்சிக்காகக் கட்டியது. மக்களுக்குப் பிடித்துப்போனதால் ஒவ்வொரு வசந்தத்திலும் பொருத்தி இலையுதிர் காலத்தில் கழற்றிவிடுகிறார்கள். குளிர்காலத்தில் தேடிப் போய் ஏமாற வேண்டாம். சாயங்காலம் எட்டு மணிக்குமேல் போங்கள், கூட்டம் கலைந்திருக்கும்.

அங்கிருந்து ஊர் திரும்பும் வழியில்தான் மார்செலிஸ்போர் மான் பூங்கா. இலவசம். புள்ளிமான் வகைகள் இரண்டு திரிகின்றன. கேரட்டும் ஆப்பிளும் கொடுக்கலாம், ரொட்டி கொடுக்கக் கூடாது, அது அவற்றின் வயிற்றைக் கெடுக்கும். பக்கத்து அரண்மனை 1902-ல் இளவரசராக இருந்த பத்தாம் கிறிஸ்டியனுக்கு மக்கள் கொடுத்த திருமணப் பரிசு. அரச குடும்பத்தினர் தங்கியிருந்தால் நண்பகல் பன்னிரண்டு மணிக்குக் காவலர் மாற்றம் நடக்கும்; அவர்கள் இல்லாத நாட்களில் பூங்கா உங்களுக்குத் திறந்திருக்கும்.

சாப்பாடு

இங்கே நேரம் முக்கியம். மதியம் பதினொன்றரைக்கே ஆரம்பித்துவிடுவார்கள், இரவுச் சாப்பாடு ஆறரை ஏழுக்கு. ஒன்பது மணிக்குமேல் பல உணவகங்களில் அடுப்பை அணைத்துவிடுவார்கள். நம் வழக்கப்படி ஒன்பதரைக்குத் தேட ஆரம்பித்தால் கெபாப் கடைதான் கிடைக்கும்.

ஒரு மதியமாவது ஸ்மோர்ப்ரோத் சாப்பிடுங்கள். கனமான ரை ரொட்டித் துண்டில் வெண்ணெய் தடவி, மேலே ஊறவைத்த ஹெர்ரிங் மீன், முட்டையும் இறாலும், பொரித்த மீன், உருளைக்கிழங்கு என்று அடுக்கித் தருவார்கள். கையில் எடுக்காமல் கத்தி, முள்கரண்டியால் சாப்பிட வேண்டும். முதலில் ஹெர்ரிங், அப்புறம் மற்ற மீன், கடைசியில் இறைச்சி, சீஸ் என்பது வரிசை. ஆளுக்கு இரண்டு துண்டு போதும். ரை ரொட்டியின் புளிப்பு முதல் வாயில் பிடிக்காமல் போகலாம். மூன்றாம் நாள் தேட ஆரம்பிப்பீர்கள்.

எல்லாரும் சேர்ந்து போகிறபோது ஆளுக்கொரு ருசி என்றால், பேருந்து நிலையத்தை ஒட்டிய 'ஆர்ஹூஸ் ஸ்ட்ரீட் ஃபூட்' சரியான இடம். பழைய பேருந்துப் பணிமனைக்குள் முப்பது கடை போல. வியட்நாம் சாண்ட்விச், ஆப்பிரிக்க, இத்தாலியச் சாப்பாடு, டேனிஷ் மீன், சைவம், எல்லாம் ஒரே கூரையில். ஒரு தட்டு சுமார் நூறு குரோனர் பக்கம் வரும். மாறாக, பெரிய செலவுக்குத் தயாராக வருகிறவர்கள், மிஷெலின் நட்சத்திர உணவகங்களும் இங்கே உண்டு என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். டென்மார்க்கில் கோபன்ஹேகன் வட்டாரத்துக்கு வெளியே 2015-ல் முதன்முதலாக நட்சத்திரம் வந்தது இந்த ஊருக்குத்தான். மாதக்கணக்கில் முன்பதிவு தேவைப்படும்.

நான் மிகவும் வற்புறுத்துவது புதனும் சனியும் காலையில் இங்கர்ஸ்லெவ் புல்வாரில் கூடும் சந்தையை. மரநிழலில் விவசாயிகளே கொண்டுவந்து விற்பார்கள், மதியம் இரண்டு மணி வரை. ஜூன், ஜூலையில் ஸ்ட்ராபெர்ரியும் மண் ஒட்டிய புது உருளைக்கிழங்கும் உரிக்காத பட்டாணியும் குவிந்திருக்கும். பட்டாணியை ஒரு பை வாங்கி, நடந்துகொண்டே தோலைப் பிளந்து பச்சையாகத் தின்பது இங்கே வழக்கம். கட்டைவிரலால் அழுத்தினால் 'டப்' என்று திறக்கும், எட்டு ஒன்பது மணிகள், சர்க்கரை போட்ட மாதிரி. நிலக்கடலையை உரித்துத் தின்றுகொண்டே பேசுவதற்குச் சமமான சுகம் இது.

கோடையில் கடைகளில் 'கொல்ஸ்கோல்' கிடைக்கும்: மோரில் முட்டை, வனிலா, எலுமிச்சை சேர்த்துக் குளிரவைத்து, மேலே சின்ன பிஸ்கட்டை நொறுக்கிப் போட்டுச் சாப்பிடுவது. இனிப்பு மோர் என்றதும் முகம் சுளிக்காதீர்கள், வெயிலுக்கு அவ்வளவு இதம். காலையில் அடுமனையில் லவங்கப்பட்டை போட்டுச் சுருட்டிய 'கனெல்ஸ்னைல்' ஒன்றும் காபியும்.

சைவச் சாப்பாட்டுக்காரர்களுக்குக் கஷ்டமில்லை, மெனுவில் 'வெகெடார்' என்று தேடுங்கள். மற்றவர்கள் சில சொற்களைத் தெரிந்துகொண்டால் போதும்: 'ஸ்வீன்', 'ஃப்ளெஸ்க்' இரண்டும் பன்றி, 'ஓக்ஸ' மாடு, 'கூலிங்' கோழி, 'ஃபிஸ்க்' மீன். தெருவோர வண்டியில் விற்கும் சிவப்பு சாசேஜ் பெரும்பாலும் பன்றியிறைச்சிதான்.

சொந்தமாகச் சமைக்க நினைத்தால் மேற்குப் புறநகரில் 'பஸார் வெஸ்ட்' இருக்கிறது. 1996-ல் தொடங்கிய அங்காடி; வெண்டைக்காய், கட்டுக்கட்டாய்க் கொத்தமல்லி, மசாலா, சூடான ஃபலாஃபெல் எல்லாம் ஊர் விலையைவிடக் குறைவாகக் கிடைக்கும்.

பணமும் மற்றதும்

நாணயம் குரோனர், ஒன்றுக்கு இந்திய ரூபாயில் 13, 14 போல. எங்கும் அட்டை போதும். சந்தையிலும், ஆளில்லாமல் உண்டியல் வைத்து விற்கும் சாலையோரப் பழக்கடைகளிலும் உள்ளூர்க்காரர்கள் போன் வழியாகக் கட்டுவார்கள், அதற்கு டேனிஷ் வங்கிக் கணக்கு வேண்டும். ஆகவே கொஞ்சம் சில்லறை வைத்திருங்கள். டிப்ஸ் கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. குழாய்த் தண்ணீர் நல்ல தண்ணீர், போத்தல் வாங்கிக் காசை விடாதீர்கள். வாங்கினாலும் காலிப் போத்தலைக் குப்பையில் போடாமல் சூப்பர் மார்க்கெட் இயந்திரத்தில் போட்டால் ஒன்று, ஒன்றரை அல்லது மூன்று குரோனர் திரும்பி வரும். ஆங்கிலம் எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் உள்ளே நுழையும்போது ஒரு 'ஹை', வாங்கியதும் ஒரு 'தக்' சொல்லுங்கள். முகம் மாறுவதை நேரிலேயே பார்ப்பீர்கள்.

நாலாவது நாள் கிடைத்தால்

கிழக்கே மோல்ஸ் மலைகள் பக்கம் 123-ஆம் எண் பேருந்தில் போய், கடலுக்குள் நிற்கும் காலோ கோட்டை இடிபாட்டுக்குக் கல்பாதை வழியே நடக்கலாம். 1313-ல் எழுப்பிய கோட்டை. அல்லது மேற்கே ஸில்க்கபோர்: ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள். அங்கே இன்னொரு சதுப்பு மனிதர், டொலுண்ட் மனிதர், தூங்குகிற முகத்தோடு இருக்கிறார். கோடையில் 1861-ல் கட்டிய துடுப்புச் சக்கர நீராவிக் கப்பல் அங்கிருந்து ஏரிவழியாக ஹிம்மல்பியர் மலையடிக்குக் கூட்டிப்போகும்.

தமிழர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. 1983-க்குப் பிறகு ஈழத்திலிருந்து வந்த குடும்பங்கள் பல, தலைநகரில் இல்லாமல் யூலாந்தின் நடுப்பகுதிச் சின்ன ஊர்களில்தான் குடியேறின. அவர்களின் குடும்பத்தினர் வந்துசேர்வதைச் சட்டத்துக்குப் புறம்பாக நிறுத்திவைத்த விவகாரத்தில் 1993 ஜனவரியில் பிரதமர் போல் ஷ்லூட்டரின் அரசே பதவி விலகியது. டேனிஷ் அரசியலில் இன்றும் அதன் பெயர் 'தமிழர் வழக்கு'. ஹெர்னிங்கில் பிள்ளையார் கோயிலும் பிராண்டயில் அபிராமி அம்மன் கோயிலும் அவர்கள் எழுப்பியவை. ஹெர்னிங்குக்கு ஆர்ஹூஸிலிருந்து ரயிலில் ஒன்றரை மணி நேரம் போல. கோடைத் திருவிழா நாட்களில் போனால் சாமி ஊர்வலம் டேனிஷ் தெருவில் போவதைப் பார்க்கலாம். நடை திறக்கும் நேரத்தை மட்டும் முன்பே கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். தினமும் முழுநாள் திறந்திருக்கும் என்று எண்ணிப் போகாதீர்கள்.